ஒரு மைலுக்கு ஒரு ரூபாய்: வாய்க்கால் கரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்காக நடந்தது

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில், கீழ்பவானி வாய்க்காலை ஒட்டி ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளி. ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம் என்று தலைமையாசிரியை கேட்டுக்கொண்டதால் அவற்றைச் சொல்லவில்லை. மூன்று வகுப்பறை, சீமை ஓட்டுக் கூரை, வாசலில் ஒரு வேப்பமரம், எழுபத்தொரு பிள்ளைகள். பாதிக்கு மேல் பக்கத்து அருந்ததியர் காலனிப் பிள்ளைகள். மற்றவர்களில் பெரும்பாலோர் வாய்க்காலுக்கு அக்கரையில் உள்ள நூற்பாலைக் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள்; அப்பா அம்மா ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். தோட்டம் துரவு என்று வசதியாக இருக்கிற வீட்டுப் பிள்ளைகளைக் காலை ஏழரைக்கே மஞ்சள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். என் மகளும் அந்த வேனில்தான் போகிறாள்.

இந்தப் பள்ளிக்காக நாங்கள் இரண்டு தடவை உடம்பை வருத்திப் பணம் சேர்த்தோம். முதல் தடவை ஓடினோம். செலவு போகக் கையில் நின்றது இரண்டாயிரத்துச் சொச்சம். இரண்டாம் தடவை நடந்தோம். இரண்டு லட்சத்தைத் தாண்டியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வருஷம். ஊரும் அதேதான், பள்ளியும் அதேதான், ஆட்களிலும் சிலர் அவர்களேதான். அப்புறம் எது மாறியது என்பதைத்தான் கணக்கோடு எழுதுகிறேன். தங்கள் ஊர்ப் பள்ளிக்கு இப்படி ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு, நாங்கள் வீணாக்கிய முதல் வருஷமாவது மிச்சமாகட்டும்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை

நான் தறிக்கு நூல் விற்கும் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். கடையில் மிஞ்சிய நோட்டுப் புத்தகங்களைக் கொடுக்கலாம் என்று ஒரு நாள் பள்ளிக்குப் போனேன். கழிப்பறைக்கு வெளியே ஒரு பெண்பிள்ளை கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. கயிற்றின் மறுமுனை கதவின் ஓட்டையில் கட்டியிருந்தது. தாழ்ப்பாள் இல்லை, கீல் ஒன்று போய்க் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதனால் பெண்பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே கயிற்றோடு. அந்தப் பிள்ளை கயிற்றை இழுத்துப் பிடித்தபடியே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது, ஏழாம் வாய்ப்பாடு.

அரசு உதவிபெறும் பள்ளி எப்படி நடக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது. பாடநூல், சீருடை, சத்துணவு எல்லாம் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பித்த காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் கட்டடம், கூரை, தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றைப் பள்ளி நிர்வாகம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே நிலம் கொடுத்துப் பள்ளியைத் தொடங்கிய பெரியவர் காலமாகிப் பல வருஷமாகிறது. வாரிசுகள் வெளியூரில். கெட்டவர்கள் இல்லை, கேட்டால் ஏதாவது அனுப்புவார்கள். ஆனால் கூரை ஓடு மாற்றும் அளவுக்கு யாரும் அனுப்பியதில்லை.

இதைப் படித்துவிட்டு அரசையோ நிர்வாகத்தையோ திட்டுவது சுலபம். எங்கள் ஊரில் அதற்கு முன்பே நடந்துவிட்ட ஒன்று இருக்கிறது. வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் வேன் ஏறிய நாளிலிருந்து, அந்தப் பள்ளியின் கூரை ஒழுகுகிறதா என்று ஊரில் கேட்கிற ஆளே இல்லாமல் போனது. 1950களின் கடைசியில் காமராசர் முதல்வராகவும் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் ஊராக மக்களே பெஞ்சும் மணியும் கரும்பலகையும் பள்ளிக்குக் கொடுத்தார்கள். அப்போது கொடுத்தவரின் பிள்ளையும் அதே பள்ளியில் இருந்தது.

முதல் தடவை: ஓடினோம், யாரும் தரவில்லை

நாங்கள் ஆறு பேர். விடியக்காலையில் சென்னிமலை ஏறி இறங்குகிற கூட்டம்; 1,320 படி, வாரத்துக்கு மூன்று நாள். கோவையில் நடக்கும் ஒரு ஓட்டப்போட்டியில் 21 கிலோமீட்டர் ஓடுவது, அதைச் சொல்லிப் பள்ளிக்குப் பணம் திரட்டுவது என்று முடிவானது. வெளிநாடுகளில் இது பெரிய அளவில் நடக்கிறது என்று படித்திருந்தோம்.

பள்ளிப் பெயர் போட்டுத் திருப்பூரில் டீ-சர்ட் அடித்தோம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கியூஆர் கோடு வைத்தோம். இணையத்தில் நன்கொடை திரட்டித் தரும் ஒரு தளத்திலும் பக்கம் திறந்தோம். ஓடியும் முடித்தோம், ஆறு பேரும். வந்தது 11,400 ரூபாய். நுழைவுக் கட்டணம், டீ-சர்ட், வேன் வாடகை, அந்தத் தளம் பிடித்துக்கொண்ட கமிஷன் எல்லாம் போக மிச்சம் 2,150. அந்தத் தளத்திலிருந்து பணம் கைக்கு வரவே ஆறு வாரம் ஆனது.

ஏன் வரவில்லை என்பதை, எங்கள் கடைக்கு நூல் வாங்க வரும் ஒரு தறிக்காரர் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார்.

“ஏனுங்க, நீங்க ஓடறதுக்கு நான் எதுக்குங்க காசு குடுக்கோணும்?”

கிண்டலாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். அவர் பார்வையில் நாங்கள் பொழுதுபோக்குக்கு ஓடுகிறோம், உடம்பு நல்லாயிருக்கும், மெடல் கிடைக்கும். நடுவில் பள்ளிக்கூடம் எங்கே வந்தது?

மேலைநாடுகளில் இந்தக் கேள்வி எழாததற்குக் காரணம் உண்டு. அங்கே இது பழகிய வழக்கம். கனடாவின் டெரி ஃபாக்ஸ் புற்றுநோயில் ஒரு காலை இழந்தவர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த வருஷம் ஜூனில் இறந்துபோனார். இங்கிலாந்தில் டாம் மூர் என்ற முன்னாள் ராணுவ வீரர், 2020 கொரோனா காலத்தில், நூறாவது பிறந்தநாளுக்குள் வீட்டுத் தோட்டத்தில் நூறு சுற்று நடப்பேன் என்றார். வாக்கர் ஊன்றித்தான் நடந்தார். மருத்துவத் துறைக்கு ஆயிரம் பவுண்டு சேர்ந்தால் போதும் என்று நினைத்தார். மூன்று கோடி பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. இந்த இருவரிடமும் நான் கவனித்தது தூரத்தை அல்ல. புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஓடியவர் புற்றுநோயாளி. மருத்துவமனைகளுக்காக நடந்தவர், இடுப்பெலும்பு முறிந்து அதே மருத்துவத் துறையால் பிழைத்து எழுந்தவர். ஏன் நடக்கிறீர்கள் என்று அவர்களை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் 21 கிலோமீட்டருக்கும் அந்தக் கயிற்றுக் கதவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நம்மிடமும் இந்த வழக்கம் இல்லாமலில்லை, வேறு பெயரில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களை நிறுத்தி ஏன் நடக்கிறீர்கள் என்று யாராவது கேட்கிறோமா? மோரும் பழமும் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். மடிப்பிச்சை என்று ஒன்று இருக்கிறது. வேண்டுதல் வைத்தவர் எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் துண்டை ஏந்தி நாலு வீட்டு வாசலில் நின்று வாங்கிய காசைத்தான் சாமிக்குச் செலுத்த வேண்டும். கொங்கு நாட்டில் கை நீட்டுவதைப் போல் கூச்சமான காரியம் வேறில்லை. ஆனால் வேண்டுதல் என்றால் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. கேட்கிறவருக்கும் இல்லை, கொடுக்கிறவருக்கும் இல்லை. முதல் தடவை நாங்கள் ஓடினோமே தவிர ஒரு வாசலிலும் போய் நின்று கேட்கவில்லை. ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். எங்களுக்கும் கேட்கக் கூச்சம்தான். அதை கியூஆர் கோடுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தோம்.

நூற்றிருபத்துநாலு மைல்

2,150 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பேச்சுவாக்கில் சொன்னார்: “நீங்க கோயமுத்தூர் போய் ஓடறீங்க தம்பி. மில்லுப் பிள்ளைக தினமும் இந்த வாய்க்கால் கரையில ஒன்றரை மைலு நடந்துதான் வருதுங்க. போக வர மூணு மைலு.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தொடக்கப்பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வது வருஷத்துக்குக் குறைந்தது 200 வேலைநாள். அப்படியானால் ஒரு பிள்ளை வருஷத்துக்கு 600 மைல் நடக்கிறது. கீழ்பவானி வாய்க்காலின் மொத்த நீளமே 124 மைல்தான். பவானிசாகரில் கிளம்பி ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் முடிகிற, 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் தருகிற வாய்க்கால். ஆறு வயசுப் பிள்ளை ஒரு வருஷத்தில் அந்த வாய்க்கால் நீளத்தைக் கிட்டத்தட்ட ஐந்து தடவை நடந்துவிடுகிறது.

124ஐ 31ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 4. முப்பத்தொரு நாள் உள்ள ஒரு மாதத்தில் நாளைக்கு நாலு மைல் நடந்தால் வாய்க்காலை முடித்த கணக்கு. இந்தக் கணக்கு கைக்கு வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வாய்க்காலை இன்னமும் மைலில்தான் சொல்வார்கள், இத்தனாவது மைலில் மதகு, இத்தனாவது மைலில் பாலம் என்று. அதனால் இந்தத் தூரம் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 21 கிலோமீட்டர் எவ்வளவு என்று தறிக்காரருக்குத் தெரியாது. வாய்க்கால் எவ்வளவு தூரம் போகிறது என்பது அவருக்குத் தெரியும். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்பதுகூடத் தெரியும்.

ஒரு மைலுக்கு ஒரு ரூபாய், ஆக 124 ரூபாய் என்று வைத்தோம். இதைச் சொன்னவர் எங்கள் கூட்டத்தில் வயதில் மூத்தவர். “கோயில் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி மாதிரி வெச்சுடு. எவ்வளவு குடுக்கறதுன்னு ஆளு ரோசனை பண்ண ஆரம்பிச்சான்னா குடுக்கவே மாட்டான்” என்றார். கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைப்பார்களே, அதைத்தான் சொன்னார். முழு உண்மை. ‘உங்களால் முடிந்ததைத் தாருங்கள்’ என்று கேட்டால் கொடுப்பவர் இரண்டு பயத்தில் மாட்டிக்கொள்வார்: குறைச்சலாகக் கொடுத்தால் என்ன நினைப்பார்களோ, அதிகம் கொடுத்தால் அடுத்த தடவையும் வந்து நிற்பார்களோ என்று. வரி என்றால் அந்தக் கஷ்டம் இல்லை. கூடக் கொடுக்க ஆசைப்படுகிறவர் மைலுக்குப் பத்து ரூபாய் கொடுக்கலாம், 1,240.

யார் நடப்பது

முதல் கூட்டத்தில் நடப்பவர் பட்டியலில் இருந்தது நாங்கள் ஆறு பேரும் எங்களைப் போன்ற இன்னும் சிலரும்தான். பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் போட்டு விஷயத்தைச் சொன்னோம். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். காலனியைச் சேர்ந்தவர், தறிக் குடோனில் தார் போடுகிறவர் (ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றுகிற வேலை), மகன் மூன்றாம் வகுப்பு.

“நீங்க எதுக்குங்கண்ணா எங்க பிள்ளைகளுக்கு நடக்கறீங்க? எங்களுக்குக் கால் இல்லீங்களா?”

கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, ஆனால் அவர் கோபமாகக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துப் பல ஊர்களில் கோயில் வரியைக் காலனியில் வாங்குவதில்லை. ஏழைகளுக்குச் சலுகை என்பது போல வெளியே சொல்வார்கள். வரி கொடுத்தவனுக்குப் பங்கு உண்டு, மரியாதை உண்டு. பங்கு கொடுக்க மனமில்லாததால் வரியும் வாங்குவதில்லை என்பதுதான் உள்விஷயம். நாங்களும் தெரியாமல் அதையே செய்யப் பார்த்தோம்.

பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். முப்பத்தெட்டுப் பேர். அதில் பதினேழு பேர் காலனியிலிருந்தும் மில் குடியிருப்பிலிருந்தும் வந்த அம்மாக்கள், அப்பாக்கள். மில் ஷிஃப்ட் முடிந்து காலை ஆறரைக்கு நேராகக் கரைக்கு வந்தவர்கள் உண்டு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மகனின் பழைய கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தவர் உண்டு. டீ-சர்ட் இல்லை, மெடல் இல்லை, பேனர் இல்லை. செலவென்று பார்த்தால் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. ஒரு பக்கம் நடந்த மைல், மறுபக்கம் காசு தருவதாகச் சொன்னவர் பெயர்.

மாதம் ஜனவரி. மார்கழிக் குளிர், விடிந்தும் பனி இறங்கிக்கொண்டிருக்கும் கரை. எங்கள் பக்கம் மண் கரைதான். வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடலாமா கூடாதா என்ற பெரிய தகராறுக்குள் நான் போகவில்லை. முழங்காலுக்கு மண் எவ்வளவு இதமானது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கால் பட்ட பாடு

நாலு மைல் என்றால் 6.4 கிலோமீட்டர். வேகமாக நடந்தால் ஒரு மணி பத்து நிமிஷம், நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். ஒரு நாள் நடந்தால் ஒன்றும் தெரியாது. பழக்கமில்லாதவர் ஓய்வே இல்லாமல் முப்பத்தொரு நாளும் நடந்தால் உடம்பு கணக்குக் கேட்கும். பத்தாம் நாளிலேயே நாலு பேருக்கு முன்னங்கால் எலும்பு ஓரத்தில் வலி எடுத்தது, இரண்டு பேருக்குக் குதிகாலில். எங்கள் விதியில்தான் தப்பு. தினமும் நாலு மைல் என்பதை மாற்றி, வாரத்துக்கு 28 மைல், எந்த நாளில் வேண்டுமானாலும் என்று ஆக்கினோம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, மற்ற நாளில் கொஞ்சம் கூட நடந்து ஈடு கட்டிக்கொள்ளலாம். முதல் நாளிலேயே இப்படி வைத்திருக்க வேண்டும்.

சர்க்கரைக்காரர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருவருக்குச் செருப்பு வார் உரசிக் கொப்புளம் வந்து உடைந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை. பக்கத்தில் நடந்தவர் செருப்பில் ஈரம் இருப்பதைப் பார்த்துச் சொன்னார். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இப்படித்தான் ஆகும். ஒரு கொப்புளம் விரலை எடுக்கிற அளவுக்குப் போகக்கூடும். அன்றே டாக்டரிடம் அனுப்பினோம், நடையையும் நிறுத்தச் சொன்னோம். இப்படி ஏதாவது நடத்துகிறவர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி இருந்ததா என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாக்ஸ் போட்டு மூடிய ஷூ, ராத்திரி படுக்கும்முன் உள்ளங்காலைப் பார்ப்பது, இது இரண்டும் கட்டாயம். இருட்டில் நடக்க டார்ச் வேண்டும், கரையில் பாம்பு உண்டு. தண்ணீர் விட்டிருக்கும் நாளில் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்து வரவே கூடாது. வாய்க்கால் ஆழமும் இழுப்பும் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முப்பத்தெட்டில் இருபத்தொன்பது பேர் 124 மைலையும் முடித்தார்கள். முடிக்காதவருக்கு எவ்வளவு காசு வாங்குவது என்று சண்டையே வந்தது. அறுபது மைல் நடந்தவருக்கு அறுபது ரூபாய் என்று நியாயமாக முடிவு செய்தோம். ஆனால் கொடுத்தவர்கள் யாரும் அதைக் கேட்கவே இல்லை, முழு 124ஐயும் எடுத்துக் கொடுத்தார்கள். கொப்புளக்காரருக்குக் காசு சொன்னவர்களும் அப்படித்தான்.

கேட்டவர் யார், வந்தது எவ்வளவு

எங்களில் வேகமான ஓட்டக்காரர் 21 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடுகிறவர். அவர் நோட்டில் ஒன்பது பெயர். தார் போடும் அந்தப் பெண்ணின் நோட்டில் அறுபத்தெட்டுப் பெயர்.

எப்படிக் கேட்டீர்கள் என்று விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “எம்பையன் படிக்கற பள்ளிக்கோடத்துக்கு நடக்கறனுங்க. மைலுக்கு ஒரு ரூவா. இப்பக் குடுக்க வேண்டாமுங்க, நடந்து முடிச்சுட்டு வந்து வாங்கிக்கறனுங்கன்னு சொன்னனுங்க. வேலை செஞ்சுட்டுத்தான கூலி கேக்கறோம், அதுல என்னுங்க கூச்சம்?”

நான் மடிப்பிச்சையில் தேடிப் பிடித்ததை அவர் கூலியில் வைத்திருந்தார். குடோன் முதலாளி, அவர் மனைவி, கூட வேலை செய்பவர்கள், மளிகைக் கடைக்காரர், தான் கூலி வேலைக்குப் போகும் தோட்டத்துக்காரர் வீடு என்று ஒருத்தர் விடாமல் கேட்டிருக்கிறார். அதில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வேனில் போகிறவர்கள். அந்த வீட்டு வாசல்களில் அந்தப் பள்ளியின் பேச்சு அடிபட்டதே பல வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

124 ரூபாய் தருகிறேன் என்றவர்கள் 974 பேர். தந்தவர்கள் 912 பேர். பாக்கி 62 பேர் வீட்டுக்கு இரண்டு தடவைக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். 912 பேர் வழியாக 1,13,088 ரூபாய். மைலுக்குப் பத்து ரூபாய் என்று 61 பேர் தந்தது 75,640. குடும்ப நிகழ்ச்சி, நினைவுநாள் என்று தனியாக வந்தவை 24,500. மொத்தம் 2,13,228.

டீக்கடைக் கரும்பலகையில் தினமும் சாயங்காலம் மூன்று எண்ணை மட்டும் எழுதினோம்: எல்லோரும் சேர்ந்து நடந்த மைல், வந்த ரூபாய், அதில் செலவான ரூபாய். செலவு ஒரு மாதமும் பூஜ்யமாகவே இருந்தது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துத்தான் நம்பிக் கொடுத்தேன் என்று பின்னால் ஒருவர் சொன்னார்.

நடுவில் ஒரு விஷயத்தில் நான் தவறப் பார்த்தேன். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் இன்னும் காசு வரும் என்று கேமராவோடு போய் நின்றேன். தலைமையாசிரியை முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். “பிள்ளைக முகத்தைக் காட்டி வாங்கற காசு எங்களுக்கு வேண்டாமுங்க தம்பி. கதவைப் போட்டோ எடுத்துப் போடுங்க.” கதவைத்தான் எடுத்துப் போட்டேன், கயிற்றோடு.

பணம் எந்தக் கணக்கில் வர வேண்டும்

இது பலரும் யோசிக்காமல் விடுகிற இடம். முதலில் என் சொந்தக் கணக்கில் வாங்கலாம் என்றிருந்தோம். எங்கள் ஆடிட்டர் தடுத்தார். உறவல்லாதவர்களிடமிருந்து ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாக வந்தால் அந்த மொத்தத் தொகையும் அவருடைய வருமானமாகக் கணக்காகும், வரி கட்ட வேண்டும். பள்ளிக்காக வாங்கினேன் என்று பின்னால் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வங்கிக் கணக்கையே வைத்தோம். தலைவராக உள்ள பெற்றோரும் செயலாளரான தலைமையாசிரியையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும்.

ஒரு மில் முதலாளி பெரிய தொகை தரத் தயாராக இருந்தார், நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வாங்க உதவும் 80ஜி ரசீது கேட்டார். அதை வருமான வரித் துறையில் அதற்கென்று பதிவு பெற்ற அறக்கட்டளை போன்ற அமைப்புகள்தான் தர முடியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது. எங்களிடம் ரசீது இல்லை என்றதும் மைலுக்குப் பத்து ரூபாயோடு நிறுத்திக்கொண்டார். வருத்தம்தான். ஆனால் 124 ரூபாய் கொடுத்த 912 பேரில் ஒருவர்கூட ரசீது கேட்கவில்லை. பெரிய கைகளை நம்பி இறங்குகிறவர்கள் மட்டும் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளியாக இருந்தால் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற அரசுத் திட்டத்தின் வழியாகப் போகலாம். எங்களுடையது உதவிபெறும் பள்ளி.

சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட பள்ளித் தோழன் ஒருவன் அனுப்புகிறேன் என்றான். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும், அதற்குப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஊரில் இருக்கும் அவன் அம்மா தன் முதியோர் உதவித்தொகையிலிருந்து 124 ரூபாய் கொடுத்தார்.

தாழ்ப்பாள் எந்த உயரத்தில்

ஒருவர் ஸ்மார்ட் டிவி வாங்கித் தருவதாகச் சொன்னார். தலைமையாசிரியை மரியாதையாக மறுத்துவிட்டு அவர் எழுதிவைத்திருந்த தாளைக் காட்டினார். முதல் வரி தாழ்ப்பாள்.

கழிப்பறைக்கு இரண்டு புதுக் கதவு, தரை, செப்டிக் டேங்க் சுத்தம் எல்லாம் சேர்த்து 58,600. டேங்கை லாரி வைத்துத்தான் எடுத்தோம். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்கினால், கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் இறக்கியிருக்க மாட்டோம். தண்ணீர்த் தொட்டி, மோட்டார், குழாய்க்கு 41,200. கூரை ஓடுகளும் அவற்றைத் தாங்கும் சட்டங்களும் மாற்ற 62,000. தண்ணீர் ஓடுகிற மழை மாதங்களில் மில் பிள்ளைகள் கரையில் நடக்காமல் வர ஆட்டோவுக்கு 15,000.

கதவு போட வந்த ஆசாரி தாழ்ப்பாளைப் பெரியவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்துவிட்டார். எல்லாக் கதவுக்கும் அப்படித்தானே வைப்பது. தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டு, ஒன்றாம் வகுப்பிலேயே குள்ளமான பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார். அதைக் கதவுக்கு முன்னால் நிற்கவைத்து, கையை மடக்கினால் வரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். ஆசாரி ஒன்றும் பேசாமல் கழற்றி அந்தக் கோட்டில் மாட்டினார். மேலே இருந்த பழைய துளைகளை மெழுகு வைத்து அடைத்தார். அந்தப் பிள்ளை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தது, திறந்தது, மறுபடி போட்டது. வெளியே நாங்கள் அஞ்சாறு பேர் அந்த டக், டக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

கதவு ஒரு தடவை வேலை. கழிப்பறையைத் தினமும் கழுவ ஆள் வேண்டும், அது முடிவில்லாத வேலை. மில் குடியிருப்பைச் சேர்ந்த ஒடிசா அம்மா ஒருவர் ஒத்துக்கொண்டார். கையுறை, நீளப் பிடி பிரஷ் எல்லாம் வாங்கிக் கொடுத்து மாதம் 3,000 கூலி, பத்து மாதத்துக்கு 30,000 ஒதுக்கினோம். இந்த ஒரு வரியை மட்டும் ஒரு மாத நடையால் தீர்க்க முடியாது. கழிப்பறை கட்டிக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துப் போய்விட்டு, ஆறு மாதத்தில் பூட்டிக் கிடப்பதை எத்தனையோ பள்ளிகளில் பார்க்கிறோம். அதனால்தான் இந்த வருஷமும் ஜனவரிக்கு நோட்டு வாங்கியாகிவிட்டது. இந்தத் தடவை பட்டியல் எழுதுவது தார் போடும் பெண்தான். ஐம்பத்திரண்டு பெயர் வந்திருக்கிறது என்றார்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் அவரோடு நடந்துகொண்டிருந்தபோது என் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு என்றேன். “எம்பையன் கிளாஸுங்களா” என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியும். அடுத்த பாலம் வரைக்கும் நான் ஒன்றும் பேசவில்லை.

செலவு மொத்தம் 2,06,800. கணக்கில் இருப்பு 6,428 ரூபாய். அது கழிப்பறை கழுவும் அம்மாவுக்கு இன்னும் இரண்டு மாதக் கூலி, 428 ரூபாய்க்கு பினாயில்.